பழைய கலண்டரில் செய்த என் கதவு

கோதுமை மா பசை கொதிக்கும்போது ஒரு வாசம் வரும்... பேக்கரியில் பாண் வேகும் வாசத்துக்குக் கிட்ட வரும், ஆனால் பசியைக் கிளப்பாது. பால்மா டின்னில் அதைக் கிண்டிக்கொண்டிருந்த அந்த மத்தியானம் இன்னும் என் மூக்கில் இருக்கிறது.

அப்போது எனக்குப் பதின்மூன்று வயது. ஹந்தானைத் தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் லயத்துக் காம்பரா ஒன்றில் இருந்தோம். அம்மா கொழுந்து பறிக்கப் போவார். தங்கச்சி கைக்குழந்தை. அவளைப் பார்க்க ஆளில்லை என்று அந்த வருடம்தான் என்னைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தியிருந்தார்கள்.

காம்பரா என்றால் ஒரே அறை. படுப்பது, சாப்பிடுவது, உடுப்பு மாற்றுவது எல்லாம் அதற்குள்தான். லயத்திலேயே பெரிய டீவி வேறு எங்கள் வீட்டில். மேட்ச் என்றால் அப்பாவின் கூட்டாளிகள் வந்துவிடுவார்கள். அதிலும் செல்வம் மாமா, "அண்ணே, ஸ்கோர் என்னா?" என்று கேட்கும்போதே உள்ளே நிற்பார். நல்ல மனுசன்தான். ஆனால் நான் வயதுக்கு வந்திருந்தேன். யாரையும் நிமிர்ந்து பார்த்துப் பேசவே கூசுகிற எனக்கு, உடுப்பு மாற்ற ஒரு மூலை இல்லை.

முதலில் அம்மாவின் பழைய சேலையைக் குறுக்கே கட்டினேன். காற்றுக்கே அது தூக்கிக்கொள்ளும். ஒருநாள் செல்வம் மாமா அதை விலக்கிக்கொண்டு, "புள்ள, தண்ணி கொஞ்சம் குடும்மா" என்று தலையை நீட்டினார். நல்ல வேளை, உடுப்பு மாற்றி முடித்திருந்தேன். ஆனாலும் வாயில் சத்தமே வரவில்லை.

அம்மாவிடம் சொன்னேன். "எல்லாம் நம்ம ஆளுங்கதானடி, விடு" என்றார்.

நான் விடவில்லை.

அரிசி பேக்குகளைப் பிரித்து, கழுவி, சாக்கு ஊசியால் ஒன்றோடொன்று தைத்தேன். மேலே வளையத்துக்கு அம்மாவின் மெருகு போன வளையல்கள். அவற்றைக் கோத்துத் தொங்கவிட உடைந்த தண்ணீர்க் குழாய்த் துண்டு. காற்று தூக்காமல் இருக்க, கீழ் மடிப்புக்குள் தேய்ந்த டோர்ச் பெட்டரிகளை வைத்துத் தைத்தேன். திரை அசையாமல் நின்றது. ஆனால் பேக்கில் இருந்த எழுத்தெல்லாம் மூன்று மொழியிலும் பல்லைக் காட்டியது.

அப்பா பார்த்துவிட்டு, "என்னாம்மா, அரிசிக் கடை தொறந்திருக்கியா?" என்றார்.

அப்போதுதான் கலண்டர் ஞாபகம் வந்தது. கண்டி டவுனில் நகைக்கடையிலும் துணிக்கடையிலும் வருடா வருடம் கொடுக்கிற சாமி கலண்டர்கள். வருடம் முடிந்தாலும் யாரும் வீச மாட்டோம். சாமி படத்தைக் குப்பையில் போடவும் முடியாது, அடுப்பில் போடவும் முடியாது. அலுமாரிக்குப் பின்னால் சுருட்டிச் சுருட்டி ஒரு கட்டே கிடந்தது.

பசை காய்ச்சி ஒட்டத் தொடங்கினேன். முருகனும் லட்சுமியும் தரையில் வரிசையாகக் கிடந்த நேரம் பார்த்து அம்மா கூடையோடு வந்து நின்றார்.

"அடி பாவி! முருகன் முன்னால நின்னா உடுப்பு மாத்துவ?"

"இல்லம்மா... சாமியெல்லாம் அந்தப் பக்கம் பாக்கும். எம் பக்கம் வெறும் பேக்குதான்."

அம்மா கூடையை இறக்கி வைத்துவிட்டு, "கால் படுற எடத்துல ஒட்டாத. சாமிய மேல வையி" என்றார். "மாசத்துல அந்த மூணு நாள்ல அதத் தொட்டுத் தொலைக்காத."

"தொடாம எப்பிடிம்மா தெறக்கிறது?"

"நீதானே தச்ச. நீயே யோசி."

யோசித்தேன். படம் ஒட்டாத ஓரத்தில், இழுப்பதற்கு ஒரு பிடி தைத்தேன். என் ஸ்கூல் டை. அதற்கு வேறு வேலை இருக்கவில்லை.

மேல் வரிசையில் சாமிகள், கால் படுகிற கீழ் வரிசையில் அருவியும் அன்னப்பறவையும். பக்கத்து வீட்டு மேரி அக்கா எட்டிப் பார்த்து, "எல்லாம் ஒங்க ஆளுகளாவே இருக்கே, எங்க மாதாவுக்கு எடம் இல்லியா?" என்று கேட்டு, தன் வீட்டுக் கலண்டரையும் கொண்டுவந்து தந்தார். முருகனுக்குப் பக்கத்திலேயே மாதாவை ஒட்டினேன்.

அடுத்த மேட்ச் வந்தது. நான் திரைக்குள்ளே தலை வாரிக்கொண்டிருந்தேன். செல்வம் மாமாவின் சத்தம் வாசல் இஸ்தோப்பில் கேட்டது, உள்ளே வந்தது, திரைப் பக்கம் வந்தது... நின்றுவிட்டது.

திரையின் வளையல் சத்தம் கேட்கும் என்று காத்திருந்தேன். கேட்கவில்லை. அதற்குப் பதிலாகச் செருப்பைக் கழற்றுகிற சத்தம் கேட்டது.

"அண்ணே... என்னாண்ணே, வீட்டுக்குள்ள கோயில் கட்டி வச்சிருக்கீங்க?"

"எம் மவ கட்டுனது" என்றார் அப்பா.

"உள்ள எந்தச் சாமி?"

"உள்ளயும் எம் மவதான். தண்ணி வேணும்னா இங்கேருந்தே கேளு."

எல்லோரும் சிரித்தார்கள். உள்ளே நான் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். செல்வம் மாமா அன்றைக்கு மட்டுமில்லை, அதற்குப் பிறகும் அந்தத் திரையைத் தொடவே இல்லை. தண்ணீர் வேண்டுமென்றால் தள்ளி நின்றே, "புள்ள..." என்று கூப்பிடுவார். அப்பா என்னைப் பற்றி மற்றவர்களிடம் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

பிறகு மேரி அக்கா தன் பிள்ளைகளுக்கு ஒன்று தைத்துத் தரச் சொன்னார். அதற்குப் பிறகு மேல் லயத்திலிருந்தும் கேட்டு வந்தார்கள். பெண் பிள்ளைகள் இருந்த வீடுகளிலிருந்துதான் வந்தார்கள்.

இப்போது நாங்கள் புது வீட்டில் இருக்கிறோம். எனக்கும் தங்கச்சிக்கும் தனி அறை. பலகைக் கதவு, பளபளவென்று ஒரு தாழ்ப்பாள். யார் வந்தாலும் தட்டிவிட்டுத்தான் நிற்கிறார்கள். "யாரு?" என்று நானும் இப்போது சத்தமாகவே கேட்கிறேன்.

நல்ல கதவுதான். காற்று வராது, மழை வராது, ஒரு குறையும் இல்லை.

ஆனால் அது கடையில் வாங்கியது... மற்றது நான் செய்தது.