தேவமலரின் இடது கன்னம்

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் என்பது மலேசியாவில், மலாக்காவின் ஆயர் குரோவில் என்னோடு வேலை செய்த எல்லாருக்கும் தெரியும். என் பெயர் பெரியநாயகி. கணினிக்குள் வைக்கும் தகடுகளைச் செய்கிற ஒரு தொழிற்சாலையில் பதினோரு வருஷம் உழைத்து லைன் லீடர் ஆனவள். அதட்டாமல் லைன் ஓடாது. ஆனால் இப்போது நான் யாரையும் அதட்ட வரவில்லை. என் லைனில் இருந்த தேவமலரைப் பற்றிப் பெருமையடித்துக்கொள்ள வந்திருக்கிறேன். பெற்றவளுக்கு இல்லாத பெருமை உனக்கென்ன என்று கேட்பவர்கள் கேட்கட்டும்.

1993-இல் அவள் வேலைக்குச் சேர்ந்தாள். ஊர் மஸ்ஜித் தானா பக்கம் ஒரு ரப்பர் தோட்டம். அப்பா சிவசாமி அங்கே பால்மரம் வெட்டி ரப்பர் பால் எடுக்கிறவர். பத்தொன்பது வயது, நல்ல உயரம், நல்ல கறுப்பு, முகம் முழுக்கப் பரு. நெற்றியில் பொடிப் பொடியாக, கன்னத்தில் சிவந்து பழுத்து, தாடையில் கொத்துக் கொத்தாக. முதல் நாள் வரிசையில் நின்றவளைப் பார்த்ததும் என் வாய் சும்மா இருக்குமா?

"என்னாடி இது, அம்மை போட்டிருக்கா? வீட்டுக்குப் போ, எல்லாருக்கும் ஒட்டிக்கும்லா."

"அம்மை இல்லக்கா, பருதான். இதுக்கெல்லாம் டாக்டரு எம்.சி. லீவு எழுத மாட்டாரு" என்றாள். சிரிக்கவும் இல்லை, அழவும் இல்லை. பின்னால் இருந்தவர்கள்தான் சிரித்தார்கள். என்னைப் பார்த்துத்தான் சிரித்தார்கள்.

நாங்கள் வேலை செய்யும் அறைக்குள் ஒரு தூசி போகக்கூடாது. தலை முதல் கால் வரை வெள்ளை அங்கி, கையுறை, வாயையும் மூக்கையும் மூடும் துணி. கண் மட்டும்தான் வெளியே தெரியும். பவுடர், லிப்ஸ்டிக், கண்மை எதுவும் கூடாது. பன்னிரண்டு மணி நேரம் அந்தத் துணிக்குள் மூச்சு விட்டு வேர்த்தால் பரு இல்லாதவளுக்கே பரு வரும். இருக்கிறவளுக்குக் கேட்க வேண்டுமா? சாப்பாட்டு நேரத்தில் முகமூடியைக் கழற்றும்போது தேவமலர் கண்ணை இறுக மூடிக்கொள்வாள். துணி பருவோடு ஒட்டியிருக்கும்.

ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். ஒருத்தி எலுமிச்சம்பழம் என்றாள், ஒருத்தி பற்பசை என்றாள். கமலவேணி என்று எங்கள் லைனில் ஒருத்தி, பச்சை உருளைக்கிழங்கை அரைத்துப் போடச் சொன்னாள். வேறொருத்தியாக இருந்தால் எல்லாவற்றையும் ஒரே நாளில் அள்ளி அப்பியிருப்பாள். தேவமலர் அப்படிச் செய்யவில்லை. ஒரு நேரத்தில் ஒரு மருந்து. அதுவும் இடது கன்னத்தில் மட்டும். வலது கன்னத்தைப் பச்சைத் தண்ணீரில் கழுவி அப்படியே விட்டுவிடுவாள். இரண்டு வாரம் பார்ப்பாள். கேட்டால், "ரெண்டு பக்கமும் போட்டா மருந்துல கொறைஞ்சுதா, தானா கொறைஞ்சுதான்னு எப்படிக்கா தெரியும்?" என்பாள். ஐந்தாம் படிவம், அதாவது பதினோராம் வகுப்பு, வரை படித்தவள். விஞ்ஞானப் பாடத்தில் என்ன மார்க் வாங்கினாளோ, எனக்குத் தெரியாது. அந்தப் புத்தியை எந்த மார்க்கும் அளக்காது.

எலுமிச்சை போட்டுக்கொண்டு பஸ்ஸுக்கு வெயிலில் நின்றாள், இடது கன்னம் வெந்து கறுத்தது. பற்பசையில் தோல் உரிந்தது. உருளைக்கிழங்கு நல்லதும் செய்யவில்லை, கெட்டதும் செய்யவில்லை. வேப்பிலை கொதித்த தண்ணீரை ஆறவைத்துக் கழுவியதில் பழுத்தது வற்ற ஆரம்பித்தது. கற்றாழைச் சோறு எரிச்சலை அடக்கியது. அந்த நேரத்தில்தான் எங்களோடு வேலை செய்த மலாய்க்கார அம்மா, காக் ரொஹானி, ஒரு போத்தலில் பெடாக் செஜுக் கொண்டுவந்து கொடுத்தார். அரிசியை வாரக்கணக்கில் ஊறவைத்து, தண்ணீரை மாற்றி மாற்றி, அரைத்து, சொட்டுச் சொட்டாக விட்டுக் காயவைத்த வெள்ளைப் பொட்டுகள். தண்ணீரில் குழைத்துப் பூசினால் முகம் குளிர்ந்துபோகும். தேவமலர் அதோடு வேப்பிலைப் பொடியும் கஸ்தூரி மஞ்சளும் கலந்தாள். இரண்டு மாதத்தில் இடது கன்னம் அடங்கிவிட்டது. வலது கன்னம் பழைய கதைதான். பாதி முகம் தெளிவும் பாதி முகம் பருவுமாக அவள் பஸ்ஸிலிருந்து இறங்கி வந்ததைப் பார்த்து நான் வயிறு குலுங்கச் சிரித்திருக்கிறேன். அவளும் சிரித்தாள். அதற்குப் பிறகுதான் வலது கன்னத்துக்கும் போட்டாள்.

கேட்டவர்களுக்கெல்லாம் பொட்டலம் கட்டிக் கொடுத்தாள். கொடுக்கும்போதே ஒன்று சொல்லிவிடுவாள்: "செவப்பாக்குற மருந்து இல்ல இது. பரு போவும், அவ்வளவுதான். கறுப்பு நம்ம நெறம், அதுக்கு எதுக்கு மருந்து?" ராகினி என்ற பெண்ணுக்குத் தாடையில் கோலிக்குண்டு போல உருண்டு வலித்தபோது பொட்டலம் கொடுக்கவே இல்லை. "இது என் கைக்கு அடங்காது, டாக்டர்கிட்ட காட்டு" என்று கிளினிக்குக்கு அனுப்பினாள்.

எங்கள் லைனில் தமிழ்ப் பெண்கள் பதினான்கு பேர். செவ்வாய், வெள்ளி மஞ்சள் பூசிக் குளிப்பதை இளசுகள் எப்போதோ விட்டிருந்தார்கள். தேவமலரின் பொட்டலம் வந்த பிறகு அந்த வழக்கம் மறுபடி பிடித்துக்கொண்டது. எப்படியும் மஞ்சள் பூசப் போகிறோம், அந்த இரண்டு நாளில் இதையே பூசினால் ஆயிற்று. ராகினியைத் தவிர எல்லாரும் பூசினார்கள். நானும்தான். முப்பத்தெட்டு வயதில் எனக்கு நெற்றியில் பரு. யாருக்கும் சொல்லவில்லை. கமலவேணி வாங்கிய பொட்டலத்தில் பாதியை மிரட்டி வாங்கிக்கொண்டேன்.

1995 தொடக்கத்தில் வந்தது வினை. தகடுகள் கெட்டுப்போய்த் திரும்ப ஆரம்பித்தன. இஞ்சினியர் லிம் பூதக்கண்ணாடியில் பார்த்தால் மேலே பொடிப்பொடியாக ஏதோ ஒட்டியிருக்கிறது. வெளிர் மஞ்சள். அவர் மூன்று வாரம் மண்டையை உடைத்துக்கொண்டு ஒன்றைக் கண்டுபிடித்தார். மற்ற நாளில் கொஞ்சம், செவ்வாயும் வெள்ளியும் ஏராளம்.

ஒரு வியாழக்கிழமை என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "உங்கள் ஆட்கள் செவ்வாய், வெள்ளியில் விசேஷமாக எதுவும் செய்வார்களா?" என்று மலாயில் கேட்டார். எனக்குச் சட்டென்று புரிந்துவிட்டது. கஸ்தூரி மஞ்சள் கறை பிடிக்காது என்றுதானே நம்பியிருந்தோம்! கறை பிடிக்காதுதான், தூள் உதிராது என்று யார் சொன்னது? புரிந்தும், "தெரியாது மிஸ்டர் லிம், கோயிலுக்குப் போவாங்க, அவ்வளவுதான்" என்றேன். லைன் லீடர் பதவி போய்விடும் என்ற பயம். ஊரையே அதட்டியவளுக்கு அன்றைக்கு உண்மை சொல்ல நாக்கு எழவில்லை.

மறுநாள் காலை ஷிப்ட் தொடங்குமுன் மேனேஜர் எல்லாரையும் கேன்டீனில் கூட்டினார். சுற்றி வளைக்கவில்லை. திங்கள் முதல் இந்தியப் பெண்கள் யாரும் சுத்த அறைக்குள் போகக்கூடாது, எல்லாரும் பேக்கிங் பக்கம் போக வேண்டும், காரணம் தெரியும்வரை அப்படித்தான் என்றார்.

பேக்கிங் வேலை கேவலமில்லை. ஆனால் அந்த வெள்ளை அங்கி எங்களுக்கு என்ன என்று அவருக்குத் தெரியாது. எங்களில் முக்கால்வாசிப் பேர் தோட்டத்து லயக் குடியிருப்புகளிலிருந்து வந்தவர்கள். நுணுக்கமான வேலை, பூதக்கண்ணாடி வேலை, இதெல்லாம் உங்களால் முடியுமா என்று கேட்டவர்களுக்கு முன்னால் முடியும் என்று செய்துகாட்டிய இடம் அது. அங்கிருந்து, இந்தியப் பெண்கள் என்று ஒரே சொல்லில் கூட்டிப் பெருக்கி வெளியே தள்ளினால், பிறகு எந்தத் தொழிற்சாலை எங்கள் பிள்ளைகளை அந்த அறைக்குள் விடும்? எனக்கு ரத்தம் கொதித்தது. கொதித்து என்ன செய்ய? முந்தின நாள் பொய் சொன்னவள் நான்தானே.

கடைசி மேசையிலிருந்து தேவமலர் எழுந்தாள். அன்று வெள்ளிக்கிழமை. அவள் காதோரத்தில் மஞ்சள் இருந்தது. பயந்துபோய்த் துடைத்துக்கொள்ளவில்லை. நேரே லிம்மிடம் போய், தூசியை ஒட்டி எடுத்துப் பார்க்கச் சட்டைப் பையில் எப்போதும் வைத்திருப்பாரே அந்த ஒட்டுநாடா, அதைக் கேட்டாள். தன் காதோரத்தில் ஒட்டி, இழுத்து, வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினாள். நாடாவில் மஞ்சள் பொடி.

"இதுதான் நீங்கள் தேடுவது. என் முகத்து மருந்து. நான்தான் அரைத்தேன். மற்றவர்களுக்குக் கொடுத்ததும் நான்தான்" என்று தெளிவான மலாயில் சொன்னாள். "தப்பு என்னுடையது. அதற்கு இத்தனை பேரை ஏன் வெளியே அனுப்புகிறீர்கள்? எனக்கு இரண்டு வாரம் கொடுங்கள். எது உதிர்கிறது, எப்படிக் கழுவினால் உதிராது என்று நான் கண்டுபிடித்துக் காட்டுகிறேன். முடியாவிட்டால் என்னை அனுப்பிவிடுங்கள்."

மேனேஜர் அவளை மேலும் கீழும் பார்த்தார். "வேறு யார் பூசியது?" என்று கேட்டார்.

தேவமலர் திரும்பி ஒருவர் முகத்தையும் பார்க்கவில்லை. பார்த்தால் காட்டிக்கொடுத்ததாகிவிடும் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. எல்லாப் பழியையும் தானே சுமந்துகொண்டு, முதுகை நிமிர்த்தி, எங்களுக்காக நின்றாள். இருபத்தொரு வயதுப் பெண். எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. தலைக்குமேல் வெள்ளம் போனபின் சாண் என்ன, முழம் என்ன? எழுந்து கையைத் தூக்கினேன்.

"நானும் பூசினேன். நேத்து மிஸ்டர் லிம் கேட்டப்ப பொய்யும் சொன்னேன்" என்றேன். என் வாழ்க்கையில் நான் பேசிய சுத்தமான மலாய் அதுதான். எனக்குப் பின்னால் கமலவேணி எழுந்தாள். பிறகு ராகினி, மருந்து கொடுக்கப்படாதவளுக்கு எழ வேண்டிய அவசியமே இல்லை, ஆனாலும் எழுந்தாள். பிறகு மற்றவர்கள். கடைசியில் காக் ரொஹானியும் எழுந்து, "அரிசி மாவு என்னுடையது" என்றார். மேனேஜர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். இரண்டு வாரம் கிடைத்தது.

அந்த இரண்டு வாரமும் தேவமலர் தன் கன்னத்தைத் தொழிற்சாலைக்கு எழுதிக்கொடுத்துவிட்டாள் என்றே சொல்ல வேண்டும். ஒரு நாள் அரிசிப் பொட்டு மட்டும், ஒரு நாள் மஞ்சள் மட்டும், ஒரு நாள் வேப்பிலைத் தண்ணீர் மட்டும். எப்போதும்போல இடது பக்கம் மருந்து, வலது பக்கம் வெறுமை. தினமும் அங்கி மாட்டுமுன் லிம் இரண்டு பக்கமும் நாடா ஒட்டி எடுப்பார். பொடியாக இருக்கும் எதுவும் புருவத்திலும் காதோர முடியிலும் தங்குகிறது, முகத்தை மட்டும் கழுவினால் போகாது என்று தெரிந்தது. வேப்பிலைத் தண்ணீரும் கற்றாழையும் எதையும் விட்டுவைக்கவில்லை. ஆகவே வேலை நாளில் அவை மட்டும். பொடி பூசுவதென்றால் லீவு நாளில், தலைக்கும் சேர்த்துக் குளிக்க வேண்டும். செவ்வாய், வெள்ளியை விட மனமில்லாதவர்களிடம், "மஞ்சள பாதத்துல பூசிக்கிங்க, பூட்ஸுக்குள்ள மூடிதான இருக்கு" என்றாள். சாமி கோபித்துக்கொள்ளாதா என்று கமலவேணி கேட்டாள். "சாமிக்குக் காலு தெரியாதாக்கா?" என்றாள்.

அடுத்து வந்த இரண்டு வெள்ளிக்கிழமையும் பதினான்கு பேரின் நாடாவும் சுத்தம். தகடுகளும் சுத்தம். ஒருவரும் பேக்கிங் போகவில்லை. நானும் லைன் லீடராகவே இருந்தேன். லிம் எனக்கு ஒரு எச்சரிக்கைக் கடிதம் கொடுத்தார். வாங்கிக்கொண்டேன், எனக்கு வேண்டியதுதான்.

பிறகு அங்கி மாட்டும் அறையில் ஓர் அறிவிப்பு ஒட்டுவதென்று முடிவானது. மலாயில், ஆங்கிலத்தில், சீனத்தில் இருந்தது. தமிழில் எழுதித் தரச் சொல்லி லிம் அதைத் தேவமலரிடம் கொடுத்தார். அவள் பேனாவை வாங்கி, முதல் வரியைப் படித்துவிட்டு, பேனாவைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள். 'இந்தியப் பணியாளர்கள் கவனத்திற்கு' என்று தொடங்கியது அது.

"நாங்க மட்டும்தான் முகத்துல பூசுறோமா?" என்று மலாயில் கேட்டாள். அறையில் நின்ற சீனப் பெண் ஒருத்தி தான் முகத்தில் பூசும் முத்துப்பொடியை நினைத்தோ என்னவோ சிரித்துவிட்டாள். காக் ரொஹானி சிரிக்காமல் தலையை ஆட்டினார்.

லிம் அந்தத் தாளைக் கிழித்துப்போட்டு, புதிதாக டைப் அடித்துக் கொண்டுவந்தார். தேவமலர் அதைப் படித்தாள். சுவரோடு தாளை வைத்து, நின்றபடியே, முத்து முத்தான எழுத்தில் தமிழை எழுதினாள். அந்தத் தொழிற்சாலைச் சுவரில் தமிழ் ஏறியது அதுதான் முதல் தடவை. அவள் முகத்தில் தழும்புகள் அப்படியே இருந்தன, பரு போனாலும் அவை போகவில்லை. அந்த முகத்தைப் பக்கத்தில் நின்று பார்த்தபோது, இவள் என் லைன் என்று உலகத்துக்கே கேட்கும்படி கத்த வேண்டும் போல இருந்தது எனக்கு. அவள் எழுதிய முதல் வரி, 'எல்லாப் பணியாளர்களும் கவனிக்கவும்.'