மாப்பிள்ளையின் ஞாயிற்றுக்கிழமை வீடு

சோபாவில் ஒரு காலை மடக்கிப் போட்டு உட்கார்ந்து, போனைச் சற்றே உயர்த்திப் பிடிக்கிறான். பின்னால் புத்தக அலமாரி, திரைச்சீலை, ஆளுயர விளக்கு. “சாப்டேம்மா, நல்லா இருக்கேம்மா” என்று அம்மா கேட்பதற்கு முன்பே சொல்லிவிடுகிறான். ஞாயிறு காலை, கடை திறக்கும் முன் நடப்பது இது. சோபா விற்பனைக்கு வைத்தது. அலமாரியில் இருப்பவை புத்தகங்களே அல்ல, வெறும் அட்டை.

மரச்சாமான் கடையில் பாகங்களைப் பூட்டும் வேலை அவனுக்கு. வயது பத்தொன்பது. துணைக்கு ஒருவருமில்லாமல் எல்லை தாண்டி வந்தவன். அப்படியே வந்த மற்றப் பையன்களோடு, விடுதி அறையொன்றில் அடுக்குக் கட்டிலின் மேல்தட்டில் படுக்கிறான். கடையில் எந்நேரமும் புதுக் கட்டிலும் மெத்தையுமாகத் திரிவதால் மாப்பிள்ளை என்று பெயர் விழுந்துவிட்டது.

வேலை சுத்தம். ஒரு திருகாணி மிஞ்சினாலும் முழுவதையும் பிரித்து மறுபடி பூட்டுவான். துணி அலமாரிக்குள் நுழைந்து, கதவைச் சாத்திக்கொண்டு திருகுகிற வேலை மட்டும் ஆகாது. “நீ உள்ள போண்ணே, உன் பங்கு மூட்டையெல்லாம் நான் தூக்கறேன்” என்று கூட வேலை செய்பவரிடம் பேரம் பேசுவான். மூடிய சரக்கு லாரியில் வந்திருப்பான் என்பது மற்றவர்களின் ஊகம். அவன் சொன்னதில்லை.

விடுதிக்கு மனநல ஆலோசகர் ஒருவர் வருவார். தூக்கம் வருகிறதா என்று கேட்டார். “இந்த நாற்காலியில உட்கார்ந்தா உங்களுக்கே வராது மேடம்” என்று குனிந்து, அதன் ஆட்டத்தைச் சரிசெய்து கொடுத்துவிட்டுப் போனான். அடுத்த முறை மேசையை. இப்போது அவர் அறையில் ஆடுகிற சாமான் எதுவும் இல்லை. அவன் தூங்குகிறானா என்பதுதான் இன்னும் தெரியவில்லை.

கல்லாவில் உட்காரும் அக்காவுக்கு மட்டும் இந்த வீடு தெரியும். “என்ன மாப்பிள்ளை, குடும்பம் நடத்தி முடிச்சாச்சா?” என்பாள். எதற்கு இந்த நாடகம் என்று ஒருமுறை கேட்டாள். அங்கே அம்மா நிம்மதியாகத் தூங்குகிறாள் என்று நினைத்தால் தனக்கும் கொஞ்சம் கண் அயர்கிறது என்றான்.

போன ஞாயிறு அம்மா உற்சாகமாகவே ஆரம்பித்தாள்.

“அவ்வளவு பெரிய வீட்ல ஒத்தையா கெடக்கறியேப்பா. சின்னவனையும் அனுப்பிடறேன். ஆள் பேசியாச்சு. நீ போன அதே வழிதான்.”

சின்னவனுக்குப் பதிமூன்று வயது. வேண்டாம் என்றான். இப்போது வேண்டாம் என்றான். அம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது. கூடப் பிறந்தவன் வந்தால் இடைஞ்சலா, அத்தனை இடத்தில் ஒரு மூலை கொடுக்க மனசில்லையா என்று பொரிந்து தள்ளினாள். கடை விளக்குகள் ஒவ்வொன்றாக எரியத் தொடங்கின. வாடிக்கையாளர் வந்துவிட்டார்கள் என்று அக்கா கை காட்டினாள். வேறு நாளாக இருந்தால் இந்நேரம் பேச்சை முடித்திருப்பான்.

“வச்சிடாதம்மா. வீட்டைச் சுத்திக் காட்டறேன்.”

எழுந்து, அலமாரியைத் தாண்டி, காட்சிக்கு நிறுத்திய சுவர் முடிகிற இடத்தில் திரும்பினான். அந்தப் பக்கம் வண்ணம் பூசாத ஒட்டுப்பலகை, முட்டுக்கொடுத்த கட்டைகள், தள்ளுவண்டியோடு யாரோ ஒரு குடும்பம். போனைப் பலகைக்கு நெருக்கமாகப் பிடித்து, அவளுக்குக் கேட்கும்படி விரல் முட்டியால் தட்டினான்.