குடிகாரருக்கு அடுத்த இடம்

காலையில் பல் தேய்த்ததும், உலகத்தில் எங்கே ஒரு குடிகாரர் விழித்திருக்கிறார் என்று தேடுவதுதான் அப்போது எங்கள் வீட்டு வழக்கம். நான் வேலை போய் வீட்டில் உட்கார்ந்திருந்த காலம் அது. பிராட்பேண்ட் வந்த புதிது. பழவங்காடிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைகிற சத்தம் கேட்கிற தூரத்தில் ஒரு மாடிப் போர்ஷன். அதில் நானும் மனைவியும் கம்ப்யூட்டர் முன்னால் ஒட்டி உட்கார்ந்து போக்கர் மேஜை தேடுவோம். நமக்குக் காலை என்றால் அமெரிக்காவில் ராத்திரி. குடித்துவிட்டுத் தூக்கம் வராமல், போனால் போகட்டும் என்று காசை வீசுகிற ஒருவராவது அங்கே கட்டாயம் இருப்பார். அவர் இருக்கிற மேஜைதான் நல்ல மேஜை.

நான் ஒரு பெயின்ட் கம்பெனி டிப்போவில் வருஷக்கணக்காகக் கணக்கு பார்த்தவன். டிப்போவை எர்ணாகுளத்துக்கு மாற்றினார்கள், என்னை மாற்றவில்லை. அவ்வளவுதான் கதை. மனைவி மெடிக்கல் காலேஜ் பக்கம் ஒரு லேபில் பில் போட்டுக்கொண்டிருந்தாள். அவளுடைய அண்ணன், குடும்பத்தை ஊரில் விட்டுவிட்டு மஸ்கட்டில் இருந்தார். தான் வேலை பார்க்கிற இடத்திலேயே எனக்கும் ஸ்டோர் கீப்பர் வேலை பேசி வைத்திருந்தார். நவராத்திரிக்குள் பதில் சொல்ல வேண்டும், அதற்கு மேல் இடத்தை வைத்திருக்க மாட்டார்கள் என்று கறாராகச் சொல்லிவிட்டார்.

போக வேண்டாம் என்று பிடிவாதம் பிடித்தவள் மனைவிதான்.

"பிள்ளைகுட்டியும் இல்ல. நீங்களும் போயிட்டா இந்த நாலு சுவத்துக்குள்ள நான் யாருகிட்ட பேசுவேன்? அண்ணிக்கு வேணும்னா அது பழகிப்போச்சு. எனக்கு முடியாது கேட்டோ."

டிப்போவில் கூட இருந்த ஒருவன் எனக்கு இந்த ஆட்டத்தைச் சொல்லிக்கொடுத்திருந்தான். வேலை போன அலுப்பில் நான் அதைத் தட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்துவிட்டு, ஒப்பந்தம் போட்டவளும் அவள்தான். நவராத்திரி வரைக்கும் ஆடிப் பார்ப்பது. ஒரு சம்பளம் மாதிரி ஏதாவது நின்றால் மஸ்கட் கிடையாது. நிற்காவிட்டால் நான் பெட்டி கட்ட வேண்டும். என்னை ஊரில் நிறுத்தி வைக்க அவளுக்கு வேறு வழி தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை, சரி என்றேன்.

தெரியாதவர்களுக்காக ஆட்டத்தைச் சொல்லிவிடுகிறேன். போக்கரில் ஆளுக்கு இரண்டு சீட்டு மறைத்துக் கொடுப்பார்கள். நடுவில் ஐந்து சீட்டு பொதுவாகத் திறப்பார்கள். ஒவ்வொரு கட்டத்திலும் ஒருவர் பின் ஒருவராகப் பேச வேண்டும். காசு வைக்கிறேன், ஏற்றுகிறேன், இல்லை, சீட்டைப் போட்டுவிட்டுப் போகிறேன் என்று ஏதாவது ஒன்று. பின்னால் பேசுகிறவனுக்கு முன்னால் பேசினவர்கள் என்ன செய்தார்கள் என்று தெரிந்திருக்கும். முன்னால் பேசுகிறவனுக்கு ஒன்றும் தெரியாது. இதில் உள்ள சூட்சுமம் இவ்வளவுதான். மீதியெல்லாம் பொறுமை, அது எனக்குப் பிறவியிலேயே கிடையாது.

ஆகவே இரண்டு காரியம் முக்கியம். மேஜையில் காசை இறைக்கிற ஆள் ஒருவர் இருக்க வேண்டும். அவர் பேசி முடித்ததும் நாம் பேசுகிற மாதிரி நம்முடைய நாற்காலி அமைய வேண்டும். அவர் இறைத்ததைப் பார்த்துவிட்டு, நம் கையில் சீட்டு இருந்தால் நிற்கலாம், இல்லாவிட்டால் நழுவலாம். இடம் மாறி உட்கார்ந்தால் தொலைந்தோம். நாம் பயந்து பயந்து கொஞ்சம் காசு வைப்போம். அவர் பின்னாலிருந்து வானத்துக்கு ஏற்றுவார். வைத்ததை விட்டுவிட்டு ஓட வேண்டியதுதான்.

மேஜையும் நாற்காலியும் பிடிக்கிற வேலையை மனைவியிடம் விட்டேன். சீட்டு விஷயத்தில் அவள் என்னைவிடப் பல மடங்கு கெட்டிக்காரி. சாலைக் கடைத்தெருவில் பலசரக்குக் கடை வைத்திருந்த திருநெல்வேலிக் குடும்பம் அவளுடையது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பாடு முடிந்ததும் அக்கா தங்கைகள் எல்லாரும் பாய் விரித்து இருபத்தெட்டு என்கிற சீட்டாட்டம் ஆட உட்காருவார்கள். தோற்ற கட்சி பலா இலையில் குணுக்கு செய்து காதில் மாட்டிக்கொள்ள வேண்டும். அவள் காதில் இலை தொங்கி யாரும் பார்த்ததில்லை என்பார்கள். அந்த வீட்டில் பெண் எடுத்த பாவத்துக்கு என் காதில் தொங்கிய இலைகளுக்குக் கணக்கே இல்லை.

லேபுக்குக் கிளம்புவதற்கு முன்னால், ஈரத் தலையில் துண்டோடு வந்து உட்காருவாள். திரையில் மேஜைகளின் பட்டியல் ஓடும். எந்த மேஜையில் நிறைய பேர் காசு வைக்கிறார்கள் என்று அதிலேயே போட்டிருக்கும். அவள் அதை மட்டும் நம்ப மாட்டாள். ஒவ்வொரு மேஜையையும் திறந்து, உட்காராமல் கொஞ்ச நேரம் வேடிக்கை பார்ப்பாள்.

"இது வேண்டாம். எல்லாரும் ஆபீஸ்ல ஃபைல் பாக்கிற மாதிரி யோசிச்சு யோசிச்சு ஆடுதாங்க. வேற பாப்போம்."

இன்னொன்றைத் திறப்பாள்.

"இவரு கொள்ளாம். சீட்டைப் பாக்கதுக்கு முன்னாலயே காசு வைக்காரு. பாவம், வீட்ல என்ன பிரச்சினையோ."

குடிகாரரை மரியாதையாக அவர், இவர் என்றுதான் பேசுவாள். அவருக்குப் பக்கத்தில் காலியாக இருக்கிற நாற்காலியைக் காட்டி, இங்கே உட்காருங்க என்பாள். நான் அந்த இடத்தை அழுத்துவேன். மேஜை தானாகத் திரும்பி, என் இடம் திரையின் அடிப்பக்கத்துக்கு வந்து நிற்கும். அதோடு அவள் வேலை முடிந்தது. இட்லிப் பாத்திரத்தை என் பக்கம் நகர்த்தி வைத்துவிட்டு, கிழக்கேகோட்டைக்கு பஸ் பிடிக்க ஓடுவாள்.

சித்திரையில் ஆரம்பித்தது, ஓணம் வந்தபோது எனக்கு நாக்குத் தள்ளிவிட்டது. பெரிதாகத் தோற்றிருந்தாலும் ஒரே நாளில் விட்டுத் தொலைத்திருக்கலாம். அப்படியும் தோற்கவில்லை. ஒரு நாள் கொஞ்சம் வரும், மறுநாள் அதைவிடக் கொஞ்சம் கூடுதலாகப் போகும். நல்ல சீட்டு வந்து நான் காசு வைத்தால் போதும், குடிகாரர் பின்னாலிருந்து ஒரே தூக்காகத் தூக்குவார். சீட்டைக் கையில் வைத்திருப்பதும் பயமாக இருக்கும், போடுவதும் வயிற்றெரிச்சலாக இருக்கும். கண் எரிச்சல், முதுகு வலி. கீழ் வீட்டுக்காரர் படியில் பார்க்கும்போதெல்லாம், "சார் இப்போ கம்ப்யூட்டர் வொர்க் ஆணல்லே?" என்று கேட்பார். ஆமா என்று சொல்லிச் சொல்லி, அந்த ஆமாவே எனக்குக் கசந்துவிட்டது. லேபிலிருந்து திரும்பி வருகிறவள் என் முகத்தைப் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்காமல் அடுப்படிக்குப் போய்விடுவாள். அவள் ஏதாவது கேட்டுத் திட்டியிருந்தால்கூட எனக்குத் தெம்பாக இருந்திருக்கும்.

நவராத்திரிக்கு இரண்டு வாரம் இருக்கும். நாகர்கோவிலில் அவள் அக்கா வீட்டில் ஒரு விசேஷம், முந்தின நாளே போய்விட்டாள். அன்றைக்கு மேஜை தேட நான் மட்டும்தான். பட்டியலில் கண்ணை ஓட்டி, காசை இறைக்கிற ஒருவரை எப்படியோ கண்டுபிடித்தேன். அவள் வழக்கமாகக் காட்டுகிற, அவருக்கு வலது பக்கத்து நாற்காலியில் ஆள் இருந்தது. மற்றப் பக்கத்து நாற்காலிதான் காலி. போகிறது என்று அதில் உட்கார்ந்தேன்.

உட்கார்ந்ததும் ஆட்டமே வேறாக இருந்தது. குடிகாரர் முதலில் இறைத்தார். நான் பார்த்துக்கொண்டிருந்தேன். என் முறை வந்தபோது அவர் செய்ய வேண்டியதையெல்லாம் செய்து முடித்திருந்தார். சீட்டு இல்லாதபோது சும்மா நழுவினேன். சீட்டு வந்தபோது அவர் காசு என் பக்கம் தானாக வந்தது. ஆறு மாதத்தில் முதல்முறையாக, நான் இந்த ஆட்டத்தில் மூச்சு விட்டேன்.

அப்புறம்தான் முறை எப்படி நகர்கிறது என்று கவனித்தேன். பேச வேண்டியவரின் பெயர் மேல் ஒரு வெளிச்சம் வரும். அது ஒவ்வொருவராக, அவரவர் இடது கைப்பக்கம் போய்க்கொண்டிருந்தது.

இருபத்தெட்டில் அப்படி இல்லை. எங்கள் ஊரில் எந்தச் சீட்டாட்டத்திலும் அப்படி இல்லை. சீட்டுப் போடுவதும், ஏலம் விளிப்பதும், இறக்குவதும் எல்லாம் வலது கைப்பக்கம்தான் சுற்றும். அடுத்த ஆள் என்றால் வலது கை ஆள். சோறு எந்தக் கையால் சாப்பிடுவது என்று யாராவது கேட்பார்களா, அது மாதிரி இதையும் யாரும் கேட்க மாட்டார்கள். நான் அவளிடம் முதல் நாள் சொன்னது என்ன? குடிகாரருக்கு அடுத்த இடத்தைப் பிடி, அவர் பேசினதும் நாம பேசணும் என்றேன். அவள் அடுத்த இடத்தைப் பிடித்தாள், வலது கைப்பக்கம். அவருக்கு முன்னால் பேசுகிற நாற்காலியில் என்னைத் தினமும் உட்கார வைத்திருக்கிறாள்.

உனக்குத் தெரியவில்லையா என்று என்னைக் கேட்கலாம். எனக்கு என் இரண்டு சீட்டைப் பார்க்கவே நேரம் போதாது. என் முறை என்று கம்ப்யூட்டர் மணியடித்தால் பேசுவேன். இடம் பார்ப்பது அவள் இலாகா, அதில் நான் தலையிட்டதே இல்லை.

கோபம் வரவில்லை, சிரிப்புத்தான் வந்தது. சாயங்காலம் தம்பானூருக்கே போய் அவளை பஸ்ஸிலிருந்து இறக்கிக் கூட்டி வந்தேன். ஆட்டோவில் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்து, அவள் கைகால் கழுவிவிட்டு உட்கார்ந்ததும், கம்ப்யூட்டரைப் போட்டுக் காட்டினேன்.

"பாரு. இது நம்ம ஊரு ஆட்டம் மாதிரி இல்ல. இடது பக்கமாச் சுத்துது. இத்தனை நாளும் நாம தப்பான பக்கம்லா உக்காந்திருக்கோம். இனிமே சரியாயிரும். இன்னும் ரெண்டு வாரம் இருக்கு."

அவள் திரையைப் பார்க்கவில்லை. நாகர்கோவிலிலிருந்து கொண்டு வந்த நேந்திரங்காய் வற்றல் பொட்டலத்தின் நூலைப் பிரித்துக்கொண்டே சொன்னாள்:

"தெரியும்."

"என்ன தெரியும்?"

"இடது பக்கம் சுத்துதுன்னு. ஓணத்துக்கு முந்தியே தெரியும். ஒரு நாள் நீங்க கேஸ் சிலிண்டர் எடுக்கக் கீழ போனீங்கள்லா, அப்பம் பாத்தேன்."

எனக்குச் சரியாகக் காதில் விழவில்லையோ என்று தோன்றியது. "தெரிஞ்சுமா அந்தப் பக்கமே உக்கார வெச்சே?"

"ஆமா."

அவள் அழவில்லை, குரலும் உயரவில்லை. பில் கவுன்டரில் கூட்டத்துக்குப் பதில் சொல்கிற குரல் அது.

"மொதல்ல, சொல்லீரணும்னுதான் நெனச்சேன். அப்புறம் யோசிச்சேன். நீங்க ஜெயிச்சா என்ன ஆகும்? ஆயுசு முழுக்க இப்படியே இருக்கணும். விடிஞ்சதும் எவன் வீட்ல தூக்கம் இல்லாம இருக்கான்னு நான் தேடித் தரணும், நீங்க லுங்கியைக் கட்டிக்கிட்டு அவன் காசைப் பிடுங்கணும். கீழ்வீட்டுக்காரரு கேட்டா கம்ப்யூட்டர் வொர்க்னு சொல்லணும். எனக்கு மடுத்துப் போச்சு, வெறுத்துப் போச்சு. போங்கன்னு வாய் விட்டுச் சொல்லவும் முடியல. போகாதீங்கன்னு ஒத்தக்கால்ல நின்னது நான்தான."

"நான் போனா தனியாத்தான இருப்பே?"

"இருப்பேன். கஷ்டமாத்தான் இருக்கும். இப்பம் மட்டும் நீங்க என்கிட்ட பேசவா செய்யுதீங்க?"

எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரும் வரும் என்று பார்த்துக்கொண்டிருந்தேன், வரவில்லை. மறுநாள் காலையில் அந்தத் திரையின் முன்னால் உட்கார வேண்டாம் என்பதுதான் முதலில் மனதில் பட்டது. அவளைப் பிரிவதைப் பற்றிய நினைப்பு அதற்குப் பிறகுதான் வந்தது. இந்த வரிசை எனக்கு இன்றைக்கும் கஷ்டமாக இருக்கிறது.

போனை எடுத்து மஸ்கட்டுக்குப் போட்டேன். அவள் வற்றல் பொட்டலத்தை அப்படியே வைத்துவிட்டு என் பக்கத்தில் வந்து நின்றாள். மைத்துனர் எடுத்தார். நான் வருகிறேன் என்றேன். அவருக்கு சந்தோஷம். விசா, டிக்கெட் என்று ஏதேதோ வேகமாகச் சொன்னார். கடைசியில் கேட்டார்:

"தங்கச்சி சம்மதிச்சாளா? அவ விடமாட்டான்னுல்லா நான் நெனச்சேன்."

அவள்தான் அனுப்புகிறாள் என்று ஒரு அண்ணனிடம் எப்படிச் சொல்வது?

"ரொம்ப அழுதா அண்ணாச்சி" என்றேன். "போகக் கூடாதுன்னு ஒரே அழுகை. நான்தான் சமாதானப்படுத்தி வெச்சிருக்கேன்."

பக்கத்தில் நின்றவள் அதைக் கேட்ட பிறகுதான் அழ ஆரம்பித்தாள்.