மிளகுத்தூள் பொட்டலம்

உத்திரமேரூர் பக்கம் நான் தலைமையாசிரியையாக இருந்த பள்ளியில் ஒரு சத்துணவு சமையலம்மா. வலது கையில் கஞ்சி கொட்டிய தழும்பு. கரண்டியைக் குண்டான் விளிம்பில் இரண்டு தட்டுத் தட்டாமல் யாருக்கும் பரிமாற மாட்டார்.

போன வருஷம் நாலாம் வகுப்புப் பெண் ஒருத்தி, அம்மாவின் கருமாதி முடிந்து பள்ளிக்கு வந்தாள். முந்தின நாளே ஆசிரியர்களைக் கூட்டி, அவளிடம் யாரும் அம்மா பேச்சை எடுக்கக் கூடாது, பிள்ளைகளிடமும் சொல்லிவையுங்கள் என்று சொல்லியிருந்தேன். எதைப் பேசுவதென்று தெரியாமல் எல்லோரும் அவளிடம் பேசுவதையே விட்டுவிட்டார்கள். அவளும் பேசவில்லை, அழவுமில்லை. மூன்று நாளும் தட்டில் முட்டை அப்படியே கிடந்தது.

நாலாம் நாள் சமையலம்மா வரிசையை நிறுத்திவிட்டுக் கேட்டார்: "உங்கம்மா உனுக்கு முட்டைய எப்டி குடுக்கும்?"

பக்கத்தில் நின்ற நான் தடுக்க வாயெடுத்தேன்.

"மெளகு போட்டு," என்றாள் அவள். "நெறய."

"அதான பாத்தேன். நாளிக்கி கொண்டாறேன்."

மறுநாள் அவர் முந்தானை முடிச்சிலிருந்து மிளகுத்தூள் பொட்டலம் வந்தது. "எங்கம்மா இதவிட ஜாஸ்தி போடும்," என்று பக்கத்துப் பெண்ணிடம் சொல்லிக்கொண்டே சாப்பிட்டாள்.

நான் சொன்னதை இவர் மீறிவிட்டாரே என்றுதான் முதலில் நினைத்தேன். அப்புறம்தான் உறைத்தது, அந்தக் கூட்டத்துக்குச் சமையலம்மாவை நான் கூப்பிடவே இல்லை.