மூலைக்கு ஓடிய துளைகள்

இரும்புப் படிக்கட்டு செய்யும் கம்பெனியில் ஒரு பெண் தானே கோளாறு வைத்து, தானே அதைச் சரிசெய்து, வேலையைக் காப்பாற்றிக்கொள்கிறாள் என்று டீக்கடையில் பேச்சு. சொன்னவர் அங்கே தகடு வெட்டும் மெஷின் ஓட்டுகிறவர்.

"சத்தியமா சார். அவ உக்காந்தா சரியா வருது. எந்திரிச்சா கெட்டுப்போகுது. இதுக்கு என்ன பேரு?"

எனக்கும் பெயர் தெரியவில்லை. ஊர்வம்பு என்றால் கால் தானாக நடக்கும், போனேன். பத்திரிகைக்காரன் வந்தால் ஓசி விளம்பரம் என்று முதலாளிக்கு நினைப்பு. உள்ளே விட்டுவிட்டார்.

கீழே ஷெட். மேலே கண்ணாடி அறையில் நாலு கம்ப்யூட்டர். அந்தப் பெண்ணுக்கு ஆபீசில் பம்பரம் என்று பெயர். உட்கார்ந்திருந்தாலும் ஒரு கால் ஆடிக்கொண்டே இருக்கும். டிசைன் சாஃப்ட்வேரோடு ஒட்டவைக்கும் குட்டி புரோகிராம், அதாவது பிளக்-இன், எழுதுவதும், அது மக்கர் செய்தால் நோண்டுவதும் வேலை. தகட்டைத் தொட்டுக் காட்டிப் பட்டனைத் தட்டினால் போல்ட் துளைகளைத் தானே போட்டுத் தரும் பிளக்-இன் அவள் எழுதியது.

பக்கத்து நாற்காலியில் படம் வரைகிறவர் அவளுடைய சித்தப்பா. வேலை வாங்கிக் கொடுத்தவரும் அவரே. மாடி வீட்டில் இவள், கணவன், மகள். கீழ் வீட்டில் சித்தப்பாவும் சித்தியும். ஒரு வாரமாகச் சித்தி மாடி ஏறுவதில்லை.

காரணம் இதுதான். துளை, தகட்டு ஓரத்திலிருந்து இரண்டு விரல் உள்ளே விழ வேண்டும். சித்தப்பா தட்டினால் சில துளைகள் மூலைக்கே போய் ஒட்டிக்கொண்டன. அதே கம்ப்யூட்டரில் இவள் உட்கார்ந்தால் எல்லாம் ஒழுங்கு. கடுப்பில் ஷெட்டில் எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டாள்: "என் பிளக்-இன்ல ஒண்ணுமில்ல. உங்களுக்குத்தான் கை நடுங்குது சித்தப்பா." முதலாளி அதைக் கேட்டுக்கொண்டிருந்தார். திங்கட்கிழமையிலிருந்து சித்தப்பா ஸ்டோரில் போல்ட் எண்ணட்டும் என்று உத்தரவு.

நான் போனது சனிக்கிழமை.

"என்ன சார், எங்க தில்லுமுல்லைப் பாக்க வந்தீங்களா?" என்றாள்.

"சும்மாதாம்மா வந்தேன்."

"சும்மா வர்றவங்கதான் நாலு பக்கம் எழுதுறாங்க."

சித்தப்பா திரும்பாமலே சொன்னார்: "எழுதட்டும் விடு. என் கை நடுங்குறதையும் சேத்துப் போடுங்க சார். பத்திரிகை நல்லா விக்கும்."

அவள் பிளக்-இன்னை ஒவ்வொரு வரியாக நிறுத்தி நிறுத்தி ஓட்டினாள். எண்களில் பிசகில்லை. துளையைத் திரை முழுக்கப் பெரிதாக்கி, மூக்கு முட்டப் பார்த்தாள். சரி. எழுந்து ஜன்னல்வரை போய் வந்தாள். மறுபடி ஓட்டினாள். சரி.

"சரியா வந்து என்ன சார் பிரயோஜனம்? தப்பா வந்தாத்தானே புடிக்க முடியும்?"

போன் அடித்தது. முதலாளி. முழுப் படிக்கட்டும் தெரிகிற மாதிரி ஒரு படம் வேண்டுமாம், வாடிக்கையாளருக்கு அனுப்ப. மவுசை உருட்டினாள், படிக்கட்டு சீப்பு அளவுக்குச் சுருங்கியது. எரிச்சலில் துளை போடும் பட்டனையும் ஒரு தட்டு தட்டினாள்.

ஆடிக்கொண்டிருந்த கால் நின்றது. துளைகள் மூலையில்.

அந்த சாஃப்ட்வேரில், மூலைக்குப் பக்கத்தில் எதை வைத்தாலும் காந்தம்போல மூலையே இழுத்துக்கொள்ளும் வசதி ஒன்று உண்டு. கையால் வரைகிறவர்களுக்கு அது வரம். துளை போடும்முன் பிளக்-இன் அதை அணைக்க வேண்டும். இவள் அணைக்க மறந்திருந்தாள். பெரிதாக்கிப் பார்க்கும்போது துளைக்கும் மூலைக்கும் திரையில் ஒரு சாண் தூரம், காந்தம் எட்டாது. சுருக்கினால் இரண்டும் உரசிக்கொள்ளும், இழுத்துவிடும். சித்தப்பா முழுப் படிக்கட்டும் கண்ணில் படாமல் ஒரு கோடு போடமாட்டார். இவளோ தப்புத் தேடுகிறவள், எப்போதும் கிட்டே போய்த்தான் பார்ப்பாள். கிட்டே போகப் போக அது ஒளிந்துகொண்டது.

ஆக, வதந்தியில் பாதி நிஜம். கோளாறு வைத்தது அவளேதான், தெரியாமல். இந்தப் பாதியைச் சொன்னால் மீதியை டீக்கடை சேர்த்துக்கொள்ளும். சொல்லாமல், காந்தத்தை அணைக்கிற ஒரு வரியைப் பிளக்-இன்னில் சேர்த்துவிட்டால் யாருக்கும் தெரியாது. சித்தப்பா மட்டும் போல்ட் எண்ணுவார். கதவுக்கும் மேஜைக்குமாக நடந்தாள். என்னைப் பார்த்தாள். நான் ஃபேனைப் பார்த்தேன்.

போனை எடுத்தாள். "சார், தப்பு என் பிளக்-இன்லதான். சித்தப்பா தட்டுனதெல்லாம் கரெக்ட்டு... ஆமா சார், நான்தான்... ஐயோ, வேணும்னு யாராவது செய்வாங்களா சார்?"

வைத்துவிட்டு நெற்றியைத் துடைத்தாள். "உங்க சீட்டு உங்களுக்குத்தான் சித்தப்பா. என் சீட்டப் பத்தி திங்கட்கிழம பேசறாராம்."

"சீட்ட யாரு கேட்டா? கை நடுங்குதுன்னு கீழ ஷெட்லதானே சொன்ன? அங்க வந்து இல்லைன்னு சொல்லு."

"இங்கயே சொல்றேனே."

"இங்க சொன்னா ஃபேனுக்குத்தான் கேக்கும்." செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கிவிட்டார்.

"போங்க, ஒரே நிமிஷம், வந்துடறேன்" என்றவள் தன்னுடைய இன்னொரு பிளக்-இன்னைத் திறந்தாள். இதிலும் காந்தத்தை அணைக்காமல் விட்டிருந்தால்? உட்கார்ந்தாள், எழுந்தாள், மறுபடி உட்கார்ந்தாள். ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தேன். அவள் சொல்வது எல்லாருக்கும் கேட்கட்டும் என்று வெட்டும் மெஷினை நிறுத்தச் சொல்லிவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு, சித்தப்பா மேலே பார்த்தபடி நின்றிருந்தார்.