கத்தரிப்பூ நிறத் துணியில் ஒரு தட்டான்

இட்டுக்கட்டியது என்று நினைக்கிறவர்கள் நினைத்துக்கொள்ளட்டும். விக்கிரமசிங்கபுரத்தில், வெயில் கொளுத்துகிற பட்டப்பகலில், ஆட்கள் இருந்த வீட்டில் நடந்தது இது. பெயர்கள் மட்டும்தான் வேறு.

பிருந்தா விலங்கியல் ஆசிரியை. பிரசவ விடுப்பில் இருந்தாள். ஏழு மாதக் குழந்தை ஆதிரை தூங்கும் நேரமெல்லாம் பின்னறையில் கண்ணாடித் தொட்டி வைத்து, தட்டான் குஞ்சுகளைக் கிட்டத்தில் படமெடுப்பாள். இறக்கை முளைக்கும்வரை தட்டான் தண்ணீருக்குள்தான் வாழும். பிறகு மேலேறி, முதுகு பிளந்து, தட்டானாக வெளியே வரும். அந்தப் படம் மட்டும் இரண்டு வருஷமாக அவளுக்கு அமையவில்லை.

அன்று காலை பக்கத்துப் பாபநாசத்தில் அதற்கு வாய்ப்பு அமைந்தது. ஆற்றுப் பாறையில் சிக்கிக் கிடந்த கத்தரிப்பூ நிறச் சேலையில் ஒரு குஞ்சு ஏறி உட்கார்ந்திருந்தது. இன்றைக்கே தோலுரிக்கிற பருவம். கையால் பிரித்தால் கால் ஒடிந்துவிடும். அங்கே ஆற்றோடு விடுவது இறந்தவர்களின் துணிகளை. அதை யாரும் வீட்டுக்கு எடுத்துப் போவதில்லை. அவளுக்கும் தெரியும். ஆனாலும் குஞ்சு இருந்த இடத்தை மட்டும் ஒரு முழம் கத்தரித்து வாளியில் போட்டுக்கொண்டாள்.

வாசலிலேயே கணவன் மகேஷ் பார்த்துவிட்டான்.

“ஏட்டி, அத எதுக்கு இங்கன கொண்டாந்த?”

“துணிய ஏன் பாக்கீய? பூச்சியப் பாருங்க.”

“பூச்சி சேலை கேட்டுச்சாக்கும்?”

“ஒரே ஒரு படம். எடுத்ததும் ஆத்துல விட்டுருதேன். பாப்பா அழுதா கூப்பிடுங்க.”

பின்னறை ஜன்னலில் வெளிச்சம் வராதபடி கருப்பு அட்டை ஒட்டியிருந்தது. தொட்டிக் கண்ணாடியில் தன் உருவம் விழாமலிருக்கக் கருப்பு நைட்டி போட்டிருந்தாள். கதவைச் சாத்தினாள். தாழ் போடவில்லை. துணியைத் தொட்டிக்கு மேலே ஒரு குச்சியில் தொங்கவிட்டு, கேமராவில் கண்ணை வைத்தாள். மணி இரண்டே கால்.

குஞ்சின் முதுகில் மெல்லிய கோடு விழுந்தது. பிளக்கத் தொடங்கிவிட்டது.

அப்போதுதான் கவனித்தாள். தொட்டிக்குள் இருந்த மற்றக் குஞ்சுகள் எல்லாம் ஒரே திசையில் திரும்பி நின்றன. கதவைப் பார்த்து.

கண்ணாடியில் ஒரு நிறம் விழுந்தது. கத்தரிப்பூ நிறம். தொங்குகிற துணிதான் என்று நினைத்தாள். ஆனால் துணி ஒரு முழம். இது கண்ணாடி முழுக்க இருந்தது... அசைந்தது.

திரும்பினாள். யாரும் இல்லை.

‘க்ளக்.’

கதவு சாத்திக்கொண்டது. சாத்தியிருந்த கதவு... எப்போது திறந்தது?

வெளியே ஈரக் கால் சத்தம். சளப்... சளப்...

ஆதிரை அழுதாள். பசி அழுகை. பிருந்தாவுக்கு மார்பு கனத்துப் பால் சுரந்தது, நைட்டி நனைந்தது. ஓடிப்போய்க் கதவை இழுத்தாள். வரவில்லை.

மகேஷின் குரல் கேட்டது.

“வந்துட்டியா? நானே கூப்பிடணும்னு நெனச்சேன். இதென்ன, தலையெல்லாம் ஈரம்?”



அழுகை நின்றது.

ச்சப்... ச்சப்... குழந்தை பால் குடிக்கிற சத்தம்.

“என்னங்க! அது நான் இல்ல!”

கத்தினாள். தொண்டை வலித்தது. குரல் வரவில்லை. கதவில் குத்தினாள். கை வலித்தது. சத்தம் வரவில்லை.

துணியைப் பார்த்தாள். தட்டான் பாதி வெளியே வந்திருந்தது. தலைகீழாகத் தொங்கியது. இரண்டு வருஷம் காத்திருந்த படம்...

ஒரு கணம் நின்றாள். ஒரே ஒரு கணம்.

துணியைப் பிடுங்கினாள். தட்டான் தரையில் விழுந்தது. ஜன்னல் அட்டையைக் கிழித்து, கம்பி வழியே துணியை வெளியே எறிந்தாள்.

கதவு திறந்தது.

கூடத்தில் மகேஷ் உட்கார்ந்திருந்தான். மடியில் ஆதிரை தூங்கிக்கொண்டிருந்தாள்.

“எப்பம்ட்டி உள்ள போன? இப்பத்தான பால் குடுத்த?”

குழந்தையின் வாயை முகர்ந்தாள்.

ஆற்றுப் பாசி வாசம்.

அன்றிலிருந்து ஆதிரை தாய்ப்பாலைத் தொடவில்லை. டாக்டர் ஒரு குறையும் இல்லை என்றார். பிருந்தா தூக்கினால் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். வாசலைப் பார்த்துக் கை நீட்டும். பிருந்தாவுக்கு மார்பில் பால் கட்டிக் காய்ச்சல் வந்தது. குழந்தைக்கு இனிப் புட்டிப்பால்தான்.

ஒரு வாரம் கழித்து மகேஷ் சொன்னான்.

“ஒண்ணு உங்கிட்ட சொல்லல. அவ பால் குடுத்துட்டு, அந்த ரூமுக்குப் போகல. வாசல் வழியாப் போனா. துணி காயப் போடத்தான் போறன்னு நெனச்சேன். படியில நின்னு, ‘போயிட்டு வாரேன்’ன்னா.”

“நீங்க?”

அவன் தலை குனிந்தான்.

“‘சரி, பைய வா’ன்னேன்...”