யாரும் வாங்காத தண்ணீர்

சவேரியம்மாள் இறந்துபோன செய்தி எனக்கு இராசிபுரம் பேருந்து நிலையத்தில் கிடைத்தது. எங்கள் பழைய ஸ்டுடியோவில் புரொஜெக்டர் ஓட்டிய முருகேசன் சேலம் பஸ்ஸிலிருந்து இறங்கியவர், என்னைக் கண்டதும் பையைக் கீழே வைத்தார்.

“நம்ம சவேரியம்மா போயிட்டாங்க. முந்தாநாளு அடக்கம் பண்ணியாச்சு. உங்களுக்கு யாரும் சொல்லலீங்களா?”

யாரும் சொல்லவில்லை. சொல்லியனுப்பும்படியான உறவை நான் காப்பாற்றி வைத்திருக்கவும் இல்லை.

அந்த ஸ்டுடியோவில் வேலை பார்த்தவர்களுக்கு அவரைப் பற்றி நான் விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். ஐம்பதுகளின் பிற்பகுதியில் எடிட்டிங் அறையில் பிலிம் வெட்டி ஒட்டும் வேலையில் இருந்தவர் அவர். என் வயதுதான். கொண்டப்பநாயக்கன்பட்டியிலிருந்து நடந்தே வருவார். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசைக்குப் போக வேண்டும் என்பதால் அன்றைக்கு மட்டும் வேலைக்கு வரமாட்டார். எவ்வளவு அவசரமானாலும் முதலாளியே அவரைக் கூப்பிடுவதில்லை.

பெரிய படத்துக்கு முன்னால் ஓட்டுவதற்குப் பத்து நிமிடம் ஓடும் ஒரு பேய்ப்படம் வேண்டும் என்று முதலாளி என்னிடம் கேட்டார். நான் இயக்கிய முதல் படம் அது. நண்பகலில் ஒருவன் வீட்டுக்குச் சாப்பிட வருகிறான். மனைவி இலை போடுகிறாள். அவன் காலையிலேயே இறந்துவிட்டவன். கடைசியில் முகம் முழுக்க வெள்ளை பூசி, புகைக்கு நடுவில் அவனை எழுந்து நிற்க வைத்திருந்தேன். மல்லசமுத்திரத்தில் கொட்டகை போட்டிருந்த ஒரு டூரிங் டாக்கீஸில் போட்டுப் பார்த்தோம். ஜனங்கள் வயிறு வலிக்கச் சிரித்தார்கள்.

மறுநாள் சவேரியம்மாள் அந்தச் சுருளை விளக்குக்கு நேரே தூக்கிப் பிடித்துப் பார்த்தார். “உங்க பேயப் பார்த்தா எனக்குப் பாவமா இருக்குதுங்க. அதுவே பயந்துபோய் நிக்கற மாதிரி இருக்குது.”

“பின்ன எதுக்குத்தான் பயப்படுவாங்க?” என்று எரிச்சலோடு கேட்டேன்.

அவர் சுருளைச் சுற்றி வைத்துவிட்டுப் போனார். அன்று மதியம் சாப்பாட்டுத் தூக்கைக் கழுவிக்கொண்டே தானாகச் சொன்னார். அவருடைய கணவர் லாரி டிரைவர். ஏற்காட்டு மலைப்பாதையில் வண்டி உருண்டு இறந்தவர். அதுவரை எனக்கு அவ்வளவுதான் தெரியும்.

“அடுப்புல கொழம்பு கொதிச்சிட்டிருந்துச்சு. பக்கத்து ஊட்டுக்காரரு வந்து வாசல்ல குந்துனாரு. அப்பறம் இன்னும் ரெண்டு பேரு. ஒருத்தரும் வாயத் தெறக்கல. வெயில்ல வந்திருக்காங்களேன்னு சொம்புல தண்ணி மொண்டாந்து நீட்டுனேன். யாரும் வாங்கலீங்க. எழவு ஊட்டுலதான் அப்படி வாங்க மாட்டாங்க. அப்பத்தான் எனக்குப் பயம் வந்துச்சு. அவுரு போயிட்டாருன்னு சொன்னப்பக்கூட அவ்வளவு பயப்படல.”

எடுத்துக்கொள்ளலாமா என்று நான் அவரிடம் ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லை. அடுத்த வாரமே வெண்ணந்தூரில் என் சித்தப்பா வீட்டு வாசலில் அதைப் படமாக்கினேன். வெள்ளை பூசிய பேயை எடுத்துவிட்டேன். சாப்பிட வந்த கணவன் முதுகைக் காட்டி உள்ளே உட்கார்ந்திருக்கிறான். வெளியே ஆட்கள் ஒவ்வொருவராக வந்து அமர்கிறார்கள். மனைவி சொம்பை நீட்டுகிறாள். யாரும் வாங்கவில்லை. அவள் மெல்லத் திரும்பித் தன் வீட்டுக் கதவைப் பார்க்கிறாள். அத்துடன் படம் முடிகிறது.

அந்தச் சுருள் அவர் மேசைக்குத்தான் போயாக வேண்டும் என்பது எனக்குத் தெரியும். அவரிடம் முன்கூட்டிச் சொல்லத் தைரியம் வரவில்லை. அவர் பார்க்கும்போது நான் கதவருகே நின்றேன். சொம்பு நீளும் இடத்தில் மெஷினை நிறுத்தினார். திரும்ப ஓட்டினார். மறுபடியும் ஓட்டினார். பிறகு என்னைப் பார்க்காமலே சொன்னார்:

“இந்த எடத்துல சீக்கிரம் வெட்டிட்டீங்க. இன்னும் ஆறடி உடோணும். யாராச்சும் வாங்கிருவாங்கன்னு அவ நெனைக்கறதுக்கு நேரம் வேணுமில்ல.”

ஆறடி பிலிம் என்பது நான்கு நொடி. அவரே ஒட்டிக் கொடுத்தார்.

அதே கொட்டகையில் மறுபடியும் போட்டோம். அந்த நான்கு நொடியில் இருமல் சத்தம்கூட இல்லை. பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு குரல் மட்டும் தாழ்வாகக் கேட்டது: “யாராச்சும் அந்தத் தண்ணிய வாங்குங்க சாமி.” பயம் என்பது என்னவென்று அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது. திரையில் நிற்பதைப் பார்த்து எவரும் பயப்படுவதில்லை. நமக்கு முன்பே தெரிந்துவிட்ட ஒன்றை, திரையில் இருப்பவள் தெரிந்துகொள்ளப் போகிறாளே என்றுதான் பயப்படுகிறோம். முதலாளி என் தோளைத் தட்டினார். படத்தில் என் பெயர் இருந்தது. சவேரியம்மாள் பெயர் இல்லை. அவர் கொட்டகைக்கு வரவும் இல்லை.

ஒரு மாதம் கழித்து அவர் வேலையை விட்டுவிட்டார். நான் கொண்டப்பநாயக்கன்பட்டிக்குப் போனேன். உட்காரச் சொல்லிக் காப்பி கொடுத்தார். நான் தப்புச் செய்துவிட்டேன் என்றேன்.

“நீங்க ஒரு வார்த்த கேட்டிருந்தா, எடுத்துக்கங்கன்னுதான் சொல்லியிருப்பேன்” என்றார். குரலில் கோபம் இல்லை. “படம் நல்லாத்தான் இருக்குது. ஆனா இப்பெல்லாம் அந்த நாள நெனச்சா, எனக்கு என் வாசல் வர மாட்டேங்குதுங்க. நீங்க எடுத்த வாசல்தான் வருது. குந்தியிருக்கற ஆளுங்ககூட உங்க ஆளுங்கதான். கடைசியா அவுரு கெளம்புனது என் வாசல்லருந்துதான். அதத்தான் தேடித் தேடிப் பாக்கறேன்.”

காப்பியைக் குடித்துவிட்டு வந்தேன். அதன் பிறகு அவரைப் போய்ப் பார்க்கவே இல்லை.

அவருடைய புகைப்படம்கூட என்னிடம் கிடையாது. ஆனால் அதற்குப் பிறகு இரண்டு முறை, பிறர் வாழ்க்கையில் நடந்ததைக் கேட்டு அதைப் படமாக எடுக்கத் துடித்திருக்கிறேன். இரண்டு முறையும் அவர்கள் வீட்டுக்குப் போய் முதலில் கேட்டேன். இருவருமே வேண்டாம் என்றார்கள். சவேரியம்மாளிடமிருந்து நான் வைத்திருப்பது, எடுக்காமல் விட்ட அந்த இரண்டு படங்கள்தான்.